கொழுந்தனுக்கும் அதே ரட்சிப்பாம்!

...அதத்தான் நானும் கேக்குறேன்! தலைய ஆட்டாதம்மா, முடிக்குப் போட்ட சாயம் காதுல வழியுது. எனக்கும் என் கொழுந்தனுக்கும் அதே ரட்சிப்பாம்! ஒரு துளி கூடக் கொறச்சல் இல்லையாம். பாஸ்டரே சொல்றாரு!

யாரா? என் வீட்டுக்காரரோட தம்பிம்மா. லாரி ஓட்டுறான். ஆளு மலை மாதிரி இருப்பான், வாயத் தொறந்தான்னா காது கூசும். அவங்கம்மா செத்தப்போ, 'நீ பெட்டியத் தொடக் கூடாது'ன்னு அண்ணனத் தள்ளி விட்டவன். அதோட பேச்சு நின்னு போச்சு. நான் சபைக்கு நடந்து போனா, லாரிய மெதுவா உருட்டிக்கிட்டே, 'அண்ணி, மேல எனக்கும் ஒரு எடம் பிடிச்சு வைங்க'ன்னு கத்துவான். கொழுப்பு!

நான் யாரு? கல்யாணமாகி வந்ததுலேருந்து ஒரு ஞாயித்துக்கெழம தவறுனதில்ல. பெஞ்சு தொடைக்கிறது நானு. பாட்டுக் குழுவுல மொத வரிசையில நிக்கிறது நானு. காய்ச்சல்லயும் போய்ப் பாடியிருக்கேன்... நல்லா இல்லதான், ஆனா பாடுனேன்ல?

போன மாசம் இவன் லாரிக்கு எறக்கத்துல பிரேக் பிடிக்கல. மரத்துல மோதி நின்னுருக்கு. ஒரு கீறல் இல்ல! எறங்குனவன் ரோட்டுலயே உக்காந்து அழுதிருக்கான். அங்கேருந்து நேரா பாஸ்டர் வீடு. 'என்ன மாதிரி ஆள ஆண்டவர் சேத்துக்குவாரா?'ன்னு கேட்டானாம். சேத்துக்குவாராம்! உடனேயாம்!

ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். பாஸ்டர் ஒடிசலான மனுஷன். தொட்டியில எறங்கி இவன முக்குனாரு பாரு... ரெண்டு பேருமே உள்ள! இவன்தான் மொதல்ல எந்திரிச்சு, அவர வாரித் தூக்கி நிறுத்துனான். யாரு யாருக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்கன்னே தெரியல போ!

அப்புறம் சொட்டச் சொட்ட நேரா அண்ணன்கிட்ட வந்தான். 'அண்ணே, அம்மாவத் தூக்க விடாம பண்ணிட்டேனே'ன்னு கால்ல விழுந்துட்டான். இவரு இருக்காரே, கல்லு மாதிரி ஆளு... அப்படியே அள்ளிக் கட்டிக்கிட்டாரு. இஸ்திரி போட்ட சட்டையம்மா, அப்படியே நனஞ்சு போச்சு! இவரு அழுது நான் பாத்ததே அன்னிக்குத்தான்.

இரு, ஈரத் துண்டு எடுத்துக்கிறேன்... கண்ணு கொஞ்சம் எரியுது. சாயம்தான்.

பாஸ்டர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். 'இது நியாயமா?'ன்னேன். தலையத் தொவட்டிக்கிட்டே சிரிக்கிறாரு. 'அம்மா, ரட்சிப்பு சம்பளம் இல்ல, பரிசு'ங்கிறாரு. 'அவனுக்குச் சரி, எனக்கு?'ன்னேன். 'உங்களுக்கும் பரிசுதான்'ங்கிறாரு! நான் சம்பாதிச்சு வச்சதுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்! ராத்திரி பூரா யோசிச்சேன். அதுவும் ஒரு நிம்மதியாத்தான் இருக்கு... காய்ச்சல்ல பாட வேணாம்ல.

இப்ப தெனமும் மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு அவனுக்கு. சாப்புடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுறான், பண்ணுறான்... சோறு ஆறி, கொழம்பு ஆறி, அப்புறம்தான் ஆமென்.

என்ன கேட்ட? இத்தன வருஷம் அவனுக்காக யாரு ஜெபம் பண்ணுனாங்களா? வேற யாரு... நான்தான். தெனமும் முழங்கால்ல நின்னு, 'அவன எங்க வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வாங்க ஆண்டவரே'ன்னு. கேட்டத அப்படியே குடுத்துட்டாரு! யாரக் கொற சொல்ல?

சிரி, நல்லா சிரி... ஏம்மா, என்னாச்சு? ஏன் அழுற? உனக்கும் இருக்காங்களா ஒருத்தர்? தங்கச்சியா? பேசறதே இல்லையா?

சரி, கண்ணத் தொடச்சுக்கோ. இன்னிலேருந்து அவளுக்கும் சேத்துக் கேக்குறேன். ஆனா ஒண்ணு, அவ வந்து நின்னதுக்கப்புறம் என்னத் திட்டக் கூடாது, ஆமா.