கீரைப் பாத்திக்குப் பூனை வராமலிருக்க

ஆரஞ்சுத் தோல் போட்டால் பூனை வராது என்று நம் தோட்டக் குழுவில் போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். வரும். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். தோலை ஓரமாகத் தள்ளிவிட்டு, பக்கத்திலேயே குழி பறித்து, வேலையை முடித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகும். மிளகாய்த் தூள் ஒரு தூறலுக்குத் தாங்காது. பாச்சை உருண்டை வைத்தால் கீரையில் அந்த வாடை ஏறிவிடும். நீலத் தண்ணீர் பாட்டில் நாய்க்கே வேலை செய்யாது. கருவேல முள் வெட்டிப் பரப்பினேன், அது என் காலில்தான் ஏறியது.

கேள்வி கேட்டவர் புதிதாகத் தோட்டம் போட்டவர் போலத் தெரிகிறது. அவருக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். திரும்பத் திரும்ப எழுத எனக்கு உடம்பில் தெம்பு இல்லை, அதனால் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கண்ணுசாமி. வயது ஐம்பத்து நாலு. திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுப் பக்கம் வீடு. இருபத்தொரு வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தேன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய் போர் போட்டிருக்கிறேன். எத்தனை ஊர், எத்தனை காடு என்று கணக்கில்லை. பாறைத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இனிமேல் வண்டி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பின்னால் மூன்று சென்ட் சும்மா கிடந்தது. அதில் அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி போட்டேன். கல் பொறுக்கி, மண்ணைச் சல்லடையில் சலித்துப் பாத்தி கட்டினேன். ஆயுசு பூராவும் அடுத்தவன் காட்டில் ஓட்டை போட்டவனுக்குச் சொந்த மண்ணில் ஒரு விதை முளைப்பதைப் பார்ப்பது பெரிய விஷயம்.

நன்றாகச் சலித்த மண் பூனைக்குக் கக்கூஸ். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூனைகள் பக்கத்து வீட்டு சாரதாமணியக்காவுடையவை. ஐந்து. அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. நெசவுக் குடும்பம். வீட்டுக்காரர் இறந்து போனார், மகன் கௌதமன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். அக்கா மதியத்தில் பக்கத்துத் தெருத் தறிக்கூடத்துக்கு நூல் தார் சுற்றப் போவார், மற்ற நேரம் பூனைகளோடு பேசிக்கொண்டிருப்பார். நல்ல மனுஷி. இதை நான் யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை.

ஒரு நாள் என் மனைவி நல்லம்மாள் கீரை பறிக்கப் போய்க் கையை வைத்துவிட்டாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு பாத்திப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். நான் அக்காவிடம் போய் மரியாதையாகத்தான் சொன்னேன். பூனைகளைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள் என்றேன்.

"பூனைக்கு உங்கூட்டு எல்லை தெரியுமுங்களா தம்பி? நீங்க வேணா பட்டாவைக் கொண்டாந்து காட்டுங்க. படிச்சுப் பாத்துட்டு வராம இருந்துக்கும்."

தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகும் ஏழெட்டு மாதம் பொறுத்தேன். தினம் காலையில் கரண்டி எடுத்துப் போய் அள்ளிப் போட்டேன். அள்ளின இடத்தில் விதைத்தது மேலே வந்து கிடக்கும். மறுபடி விதைப்பேன். மறுநாள் மறுபடி அள்ளுவேன்.

இங்கே போரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் போர் தண்ணீர்தான். என் தோட்டத்து மூலையில் நானூற்று இருபது அடிக்கு ஒரு போர் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா வீட்டில் புதிதாகப் போர் போட்டார்கள். இடம் பார்த்துக் கொடுத்ததே நான்தான். வண்டி ஓடும்போது கூடவே நின்றேன். முந்நூற்று நாற்பதாவது அடியில் ஊற்றுக்கண் உடைந்தது. உடைந்த அதே நிமிஷம், மதிலுக்கு இந்தப் பக்கம் என் போரின் கேசிங் பைப்பிலிருந்து காற்றும் சேறும் பீச்சி அடித்தது. ரிக்கில் இருந்த பையன்கள் கைதட்டினார்கள்.

"அண்ணா, உங்க போரும் அக்கா போரும் சொந்தக்காரங்களாட்ட இருக்குதுங்க."

தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு குழிக்கும் அடியில் ஒரே ஊற்று. ஒன்றில் காற்றை அடித்தால் இன்னொன்றில் வரும். ஒன்றில் இழுத்தால் இன்னொன்று இறங்கும். அக்கா போர் தொள்ளாயிரம் அடி. நாலே மாதத்தில் என் போர் அடங்கிவிட்டது. அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். மோட்டாரை மேலே எடுத்துவிட்டு பைப்புக்கு மூடி போட்டேன். குடிக்கக் கேன் தண்ணீர், புழங்க டிராக்டர் தண்ணீர் என்று ஆனது. துணி அலசின தண்ணீரைக் கீரைக்கு விட்டேன். அதற்காக எனக்கு அக்கா மேல் வருத்தம் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. இங்கே பேச்சு பூனையைப் பற்றித்தான்.

ஆவணி மாதம். அக்கா தார் சுற்றப் போயிருந்த மதிய நேரம். வெங்காயச் சாக்கில் இரண்டு கருவாட்டுத் துண்டு போட்டு வைத்தேன். முதலில் வந்தது கட்டையன் என்று அக்கா கூப்பிடும் கடுவன். சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்தேன். எங்கே கொண்டு போய் விடுவது என்று முதலில் யோசித்தேன். ஓமலூர் பக்கம் கொண்டு போய் விடலாம், ஆனால் பூனை திரும்பி வந்துவிடும் என்பார்கள். என் டிவிஎஸ்ஸில் பெட்ரோலும் இல்லை. வெயில் வேறு. எனக்கு மூச்சு வாங்கியது. மூடி பக்கத்திலேயே இருந்தது. கழற்றினேன்.

ஆறரை இஞ்சு பைப். ஒரு பூனைக்குப் போதும்.

எங்கள் தொழிலில் போரில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் வரை எண்ணி ஆழம் பார்ப்போம். எண்ணவில்லை என்று சொன்னால் பொய் ஆகிவிடும். பழக்கம், தானாக வந்துவிடுகிறது.

ஒரு மாதத்தில் நாலு பூனை. ஒவ்வொன்றுக்கும் மூடியைக் கழற்றி, திரும்ப இறுக்கி, கை கழுவிவிட்டு வந்து டீ குடிப்பேன். நல்லம்மாள் வாசலில் இருப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். பாத்தி சுத்தமானது. நாற்பது நாளில் கீரை முழங்கால் உயரம் வந்தது.

அக்கா தேடினார். நாய் தூக்கியிருக்கும் என்றார்கள் சிலர், வண்டியில் அடிபட்டிருக்கும் என்றார்கள் சிலர். அக்காவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. நான்தான் இரண்டு நாள் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார வைத்து, மலையடிவாரம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தெருவிலும் நிறுத்தச் சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் வண்டியை அணைத்துவிட்டு நிற்பேன், சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. இறங்கும்போது, "உங்களாட்டப் பொறுமை யாருக்கும் வராது சாமி" என்றார். உண்மைதான், நான் பொறுமைசாலி.

மிச்சம் இருந்தது ராசாத்தி. வெள்ளை உடம்பு, காதில் மட்டும் கறுப்பு. அது சாக்குப் பக்கமே வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறு நாள் விடாமல் பெய்தது. நிலத்தடியில் மட்டம் ஏறும் என்று எனக்குத் தெரியும். முந்நூற்று நாற்பது அடிக்கு மேல் ஏறினால் என் போரில் கிடப்பது அக்கா போருக்குப் போகும் என்பதும் தெரியும். தெரியாது என்று சொல்லலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இருபத்தொரு வருஷம் இதே தொழில் செய்தவன் அப்படிச் சொன்னால் நன்றாக இருக்காது.

மழை விட்ட மூன்றாம் நாள் காலையில் அக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க. எனக்குச் சளி, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. ராசாத்தி ரெண்டு நாளா இந்தத் தண்ணியைத் தொட மாட்டேங்குதுங்க. வாய்க்கிட்டக் கொண்டு போனா மூஞ்சியத் திருப்பிக்குது."

வாங்கி மோந்தேன். எனக்குச் சளி இல்லை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் மூடியைக் கழற்ற வேண்டும். தெருவே வந்து நிற்கும். அன்றைக்குப் பட்டாவுக்குச் சிரித்தவர்களும் வருவார்கள். எனக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது.

"மழைத்தண்ணி புதுசா எறங்கியிருக்குதுங்கக்கா. அந்த வாடைதான். தெனமும் ரெண்டு மணி நேரம் மோட்டாரை ஓட்டி உடுங்க, தெளிஞ்சு போயிரும்."

"குடிக்கலாமுங்களா?"

"நான் குடிக்கறனே, பாருங்க" என்று ஒரு மடக்கு வாயில் ஊற்றினேன். தலையை ஆட்டினேன். அக்காவுக்கு முகம் தெளிந்தது. சொம்பை வாங்கிக்கொண்டு, "இதுக்குத்தான் உங்ககிட்ட வந்தது. வாரேன் தம்பி" என்று போனார். நான் பின்னால் போய்ப் பாத்தி ஓரத்தில் துப்பினேன்.

ஒரு போரில் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அக்கம்பக்கத்திலிருந்து வரும் என்பதை நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அக்கா தினமும் ஒழுங்காக இரண்டு மணி நேரம் ஓட்டினார். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கு மோட்டார் சத்தம் கேட்கும்.

வயிற்றுப் போக்கில் ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல். அக்கா கஷாயம் வைத்துக் குடித்தார், அதே தண்ணீரில். நல்லம்மாள் எங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு போகக் கிளம்பினாள். நான் வேண்டாம் என்றேன். கேன் கொடுத்தால் போர் தண்ணீர் கெட்டது என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றேன். அவள் கேனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதெப்படீங்க நாம சொன்ன மாதிரி ஆகும்?" என்றாள்.

நான் கேனைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. அன்றிலிருந்து நல்லம்மாள் எங்கள் தோட்டத்துக் கீரையை ஆக்குவதில்லை. கடையில் வாங்குகிறாள்.

ஒன்பதாம் நாள் கௌதமன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். தாமதம் என்றார்கள். உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை, கிட்னி நின்றுவிட்டது என்றார்கள். வயசும் ஆயிற்று என்றார்கள். காரியத்துக்குப் பந்தல் போட்டது, நாற்காலி எடுத்து வந்தது எல்லாம் நான்தான். கௌதமன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா கடைசியாகப் பேசின போனில்கூட, கண்ணுசாமி தம்பி குடித்துப் பார்த்துச் சொன்னார், தண்ணீரில் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள் என்றான். வீட்டைப் பூட்டி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனான்.

அந்த மோட்டார் நின்று நாலு மாதம் ஆகிறது. என் போரில் மட்டம் ஏறிவிட்டது. தை மாதம் மோட்டாரைத் திரும்ப இறக்கினேன். கீரைக்குத் தாராளமாக விடுகிறேன். இவ்வளவு செழிப்பை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு மிஞ்சுகிறது என்பதால் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுக்கிறேன். நன்றாக அலசிச் சமைக்கச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

ஆகவே கேட்டவருக்கு என் பதில் இதுதான். ஆரஞ்சுத் தோலெல்லாம் வீண். அக்கம்பக்கத்தாரோடு முதலிலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். மனஸ்தாபம் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்துக்கொண்டதில்லை.

பூனை மேலும் எனக்கு விரோதம் கிடையாது. ராசாத்தி இன்னும் இருக்கிறது. பூட்டின வீட்டு மதில் மேல் உட்கார்ந்து என் பாத்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கும், இறங்குவதில்லை. இளைத்துப் போய்விட்டது. ஒரு நாள் போர் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேன், மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதனால் அதற்கு மட்டும் தினம் கேன் தண்ணீர் வைக்கிறேன். பாவம், வாயில்லாத ஜீவன்.