நாற்பத்தெட்டாவது மூவ்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவளின் மடியில் சுருட்டிய செஸ் போர்ட்.

"ஒஃபிஸ் செஸ் போட்டியில, டிரா தாறன் எண்டு மனேஜர் கையை நீட்டினவர். நான் கை குடுக்கேல்லை," என்றாள்.

"விசரே உனக்கு? தோக்கிற ஆட்டம் எண்டெல்லோ சொன்னனி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஓம். ராஜாவை விட்டால் அவரிட்ட ரூக்கும் பிஷப்பும். என்னட்ட ரூக் மட்டும். 'விடுங்கோ தங்கச்சி, சாப்பாடு ஆறுது' எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டார். ஒஃபிஸ் ஆக்கள் சுத்தி நிண்டு சிரிச்சவை. நான் எழும்பேல்லை."

"பிறகு?"

"ஒரு காயும் வெட்டுப்படாமல் ஆளுக்கு ஐம்பது மூவ் போனால் டிரா கேக்கலாம். நான் பேப்பரில எண்ணிக்கொண்டு இருந்தனான். நாப்பத்தெட்டில அவருக்கும் அது விளங்கிட்டுது. அப்பதான் பெரிய மனசோட கையை நீட்டினவர்."

"வாங்கியிருக்கலாம். மிச்சம் ரெண்டில பிழை விட்டிருந்தால்?"

"தோத்திருப்பன். அது என்ர பிழையா இருந்திருக்கும்."

கொட்டாஞ்சேனை வந்தது. அவள் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டையும் விளையாடி, மணிக்கூட்டை நிப்பாட்டி, நடுவரைக் கூப்பிட்டு டிராவை நானே கேட்டு எடுத்தனான். நாளைக்கு ஒஃபிஸில 'பாவம் எண்டு நான்தான் டிரா குடுத்தனான்' எண்டு அவர் சொல்லேலாது."