அரிசி டிரம் மேல போன்

இல்லைங்க மேடம், போன் கொண்டு வரல. மறக்கல்லாம் இல்ல, வேணும்னுதான் வீட்டுல வச்சிட்டு வந்தேன். இவ்வளவு நேரமும் ரெங்கம்மாக்கா போனை வாங்கித்தானே எல்லாம் செஞ்சேன், நீங்க பாக்கலியா? அக்காவுக்கு அதுல டார்ச் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

டீயக் குடிங்க, ஆறிடும். எல்லாரும் கெளம்பிட்டாங்க, கூடத்துல நாம ரெண்டு பேருதான். அதனாலதான் சொல்றேன். இந்த போன் கிளாஸுக்கு என்னைய டிரெய்னராப் போடுறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. எனக்கு சந்தோஷந்தான், பொய் சொல்லக் கூடாது. குடவாசலுக்குப் போயி பொம்பளைங்க முன்னாடி நின்னு நான் சொல்லிக்குடுக்குறேன்னு நெனச்சா இப்பவே பஸ் ஏறிடலாம் போல இருக்கு. ஆனா வேணாம் மேடம். வேற ஆளப் பாருங்க.

போனைப் பாத்து எனக்கென்ன பயம்? நாளெல்லாம் அதோடதானே கெடக்குறேன். எங்க வீட்டுக்காரரு, துரைராசு, சிங்கப்பூர்ல ஒரு குடோன்ல நைட் டூட்டி பாக்குறாரு. போன தடவை வந்தப்ப அவருதான் வாங்கியாந்தாரு. நல்ல போனு. ஒங்க கையில இருக்குறதவிட நல்ல போனு, கோச்சுக்காதீங்க.

மொதல்ல வயலப் பாக்கத்தான் வீடியோ கால் போட்டோம். குறுவை நட்டிருந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி வந்தா நான் வரப்புல நின்னு வீடியோல காட்டணும். அந்த மடையத் தொற, இந்த மடைய அடைன்னு அங்கேருந்தே சொல்லுவாரு. நல்லாத்தான் இருந்துச்சு மேடம். பக்கத்துலயே நிக்குற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அறுப்பு முடிஞ்சுது, லைன் மட்டும் முடியல. வயலப் பாத்தவரு வீட்டப் பாக்க ஆரம்பிச்சாரு.

எங்க அடுப்படியில அரிசி டிரம் இருக்கு. அது மேல, உப்பு ஜாடியில சாச்சு வச்சிடணும். காலையில அவரு டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் போட்டா, சாயங்காலம் திரும்ப டூட்டிக்குக் கெளம்புற வரைக்கும் லைன்தான்.

பேசுறதுக்கா? பேச என்ன இருக்கு. அவரு தூங்குவாரு மேடம். அங்க கொறட்டை, இங்க கொழம்பு கொதிக்கும். ஆனா லைன் கட்டானா மட்டும் முழிச்சுக்குவாரு, அது எப்படின்னு எனக்கு இன்னவரைக்கும் புரியல. ஒடனே அவரோட அண்ணன் அமிர்தலிங்கத்துக்கு போன் போயிடும். அவரு வண்டிய எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நின்னு, என்ன ஆயி, கரண்டு இல்லியாம்பாரு. தன் போனைத் திருப்பி தம்பிக்கு என் மூஞ்சியக் காட்டிட்டுத்தான் போவாரு.

சேச்சே, எங்க வீட்டுக்காரரு அடிக்க மாட்டாரு. கெட்ட வார்த்தை வாயில வராது. பொண்டாட்டி மேல உசுரா இருக்காருன்னு தெருவுல பேரு. வெளிநாட்டுல ஆளு இருக்குற வீடு இன்னும் ரெண்டு மூணுலயும் இப்படித்தான். வர்ற பொம்பளைங்க நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, டிரம்மத்தான் மொதல்ல பாப்பாங்க. போன் இருந்தா கைஜாடைதான். ஒருநாளு ரெங்கம்மாக்கா கவனிக்காம, மூச்சு விடாம மருமகளத் திட்டிக்கிட்டிருந்துச்சு. விடுங்கக்கா, சின்னப்புள்ளதானேன்னு டிரம்மு மேலேருந்து இவரு சொல்றாரு. அக்கா செருப்பக்கூட விட்டுட்டு ஓடிருச்சு. சிரிங்க, நானும் அன்னைக்கு சிரிச்சேன்.

கேக்காம வரல மேடம். இந்தக் கிளாஸப் பத்தி கேட்டேன். நாளெல்லாம் போன்லதானே இருக்க, ஒனக்கென்ன புதுசா கத்துக்க வேண்டிக் கெடக்குன்னாரு. நீங்களும் மொத நாளு, போன் இருக்குறவங்கள்லாம் கை தூக்குங்கன்னீங்க. எல்லாரும் தூக்குனோம். பரவாயில்லியே இந்த ஊருன்னு சந்தோஷப்பட்டீங்க. எனக்கு ஒங்களப் பாக்கப் பாவமா இருந்துச்சு.

அவருகிட்ட நீங்க பேசுறீங்களா? பேசுங்க. மேடம் மேடம்னு அவ்வளவு மரியாதையாப் பேசுவாரு. மறுநாளு டிரம்ம கொஞ்சம் நகத்தி வையின்னுவாரு, வாசலும் சேந்து தெரியிற மாதிரி. அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது.

இப்பவா? இப்பவும் லைன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதான் கெளம்பணும்னு பறக்குறேன். தேன்மொழி உக்காந்திருக்கா. என் பொண்ணு, பத்தாவது படிக்கிறா. என் ஒசரத்துக்கு வந்துட்டா. என் நைட்டியப் போட்டு, மேல துண்டப் போட்டு, கொண்டையும் போட்டுக்கிட்டா, டிரம்முக்கு முதுகக் காட்டி உக்காந்தா நான்தான். கையில முருங்கக்கீரை. தூங்குற மனுஷன் நடுவுல கண்ணத் தொறந்தா ஒரு முதுகு தெரியணும், அவருக்கு அது போதும்.

ஸ்கூலுக்கா? நீங்க கிளாஸ் ஆரம்பிச்சதுலேருந்து போகல. காய்ச்சல்னு சொல்லியிருக்கேன். அவ யோசனைதான் மேடம். நீ போயி கத்துக்கிட்டு வாம்மா, நான் பாத்துக்குறேன்னா. எனக்கும் ஆசை. ஒரே ஒரு நாளுதானேன்னு வந்தேன், நீங்க சொல்லிக்குடுத்தது புடிச்சுப்போச்சு.

நேத்து அவரு நடுவுல முழிச்சு, சாப்டியான்னு கேட்டிருக்காரு. இவ திரும்பாமலே ம்-ன்னிருக்கா. அவரு திரும்பப் படுத்துட்டாரு. பெத்த பொண்ணுக்கும் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியல.

அது போகட்டும் மேடம். நேத்து கிளாஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போயி, எந்திரிடி, அம்மா வந்துட்டேன்னு ஜாடை காட்டுறேன், அவ எந்திரிக்கல. கீரையெல்லாம் தீந்துபோயி வெறுங்காம்ப உருவிக்கிட்டிருக்கா. புஸ்தகத்த எடுத்துப் படியேன்னு காட்டுனா, இருக்கட்டும்மா, பழகிருச்சுன்னு காட்டுறா. நான் இங்க டிரெய்னரா வந்துக்கிட்டே இருந்தா, அவ அங்க அப்படியே உக்காந்துருவா.

வர்றேன் மேடம். இன்னைக்குக் கீரை கொஞ்சமாத்தான் இருந்துச்சு, இந்நேரம் தீந்திருக்கும்.