மனித உபயோகத்துக்கு அல்ல

மீன் வாங்கும்போது நான் ஒருநாளும் பேரம் பேசியதில்லை, மேடம். கன்னியம்மாவை நான் எப்படி நடத்தினேன் என்று செம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மற்றவர்கள் 'ஏம்மா மீனு' என்பார்கள். நான் ஒருவன்தான் 'வாங்க கன்னியம்மா' என்பேன்.

நீங்கள் சப் இன்ஸ்பெக்டர். கேள்வி கேட்பது உங்கள் தொழில். என் தொழில் கொள்முதல். தாம்பரம் தாண்டி ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளராக இருக்கிறேன். தாமோதரன் என்றால் கேட் செக்யூரிட்டிகூடச் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்வான். கொள்முதல் என்றால் வாங்குவது என்று நினைக்கிறார்கள். வாங்குவதற்கு யார் வேண்டுமானாலும் போதும். வந்து இறங்கிய சரக்கைச் சோதிக்காமல் உற்பத்தி லைனுக்கு அனுப்பாமல் இருக்கிறானே, அவன்தான் கொள்முதல்காரன். ஒரு தடவை வந்து இறங்கும் சரக்கு மொத்தமும் ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை எடுத்து வளைத்து, நசுக்கி, உடைத்துப் பார்ப்போம். உடையாவிட்டால் லாட் பாஸ். உடைந்தால் அந்த ஒன்றோடு போயிற்று, வண்டி ஓட்டுகிறவன் பிழைத்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். வீட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்ட அது என்ன சட்டையா?

பெப்டைடு என்றால் என்ன என்று கேட்டீர்கள். புரதத்தின் சிறு துண்டு, அவ்வளவுதான். வெளிநாட்டில் பணக்காரர்கள் இதை ஊசியாகப் போட்டுக்கொண்டு வயதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று வீடியோக்களில் பார்த்தோம். ஏரிக்கரையில் காலை நடை போகும் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். 'மீண்டும் இருபத்தைந்து' என்று அதற்குப் பெயர் வைத்தவர் எதிர் வீட்டு ஜெபகுமார். அவருக்குத் தலையில் முடி வர வேண்டும். எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கக் கூடாது. பேராசை என்று இதை யாரும் சொல்ல முடியாது.

விற்பவளைக் கண்டுபிடித்தது நான். கடல் தாண்டி ஏதோ ஓர் ஊர், லில்லி என்று பெயர் சொன்னாள். ஒவ்வொரு செய்தியையும் 'என் அன்பு நண்பரே' என்று ஆரம்பிப்பாள். என் மனைவி காந்தா கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்குப் பூசும் கிரீம் என்ற பெயரில் பார்சல் வரும். உள்ளே சின்னச் சின்னக் குப்பிகளில் வெள்ளைத் தூள். ஒவ்வொரு குப்பியிலும் 'ஆய்வுக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும். கூடவே தூய்மைச் சான்றிதழ். சில பார்சல்கள் வந்த பிறகு எனக்கு உறைத்தது. எல்லா லாட்டுக்கும் ஒரே சான்றிதழ்தான், தேதியை மட்டும் மாற்றியிருக்கிறாள். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. லில்லியிடம் கேட்டேன். சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினாள்.

இதைச் சொல்லிக் குழுவைக் கலவரப்படுத்துவது பண்பாகாது. சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றால், எங்கே வாங்கினீர்கள், எதற்கு என்று துருவினார்கள். ஆகவே சோதனை என் தலையில் விழுந்தது.

கையாள்வதில் என்னிடம் ஒரு குறையும் காண முடியாது. குப்பிகளுக்குத் தனியாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். கையுறை, ஸ்பிரிட், ஒரு ஊசி ஒருமுறைதான். போட்ட ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் மூடித்தான் அப்புறப்படுத்துவேன். குப்பை எடுக்கிறவர் கையில் குத்திவிட்டால் பாவமில்லையா?

கன்னியம்மா கானத்தூர்க்காரி. அங்கே ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி வந்து, புதனும் ஞாயிறும் எங்கள் கேட் ஓரம் உட்காருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்க முடியாமல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால். பேச்சை எடுத்தது அவள்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்திரைய அள்ளி அள்ளிக் குடுக்குறானுங்க சார். ஒரு ஊசி போடுய்யானா போட மாட்டேங்குறானுங்க. ஊசி போடாதவன் இன்னா டாக்டரு?"

நம் ஜனங்களுக்கு ஊசி என்றால் தனி மரியாதை. அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. ஃபாரின் சத்து ஊசி இருக்கிறது, வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். வற்புறுத்தவே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளே நீட்டினாள்.

"கொசு கடிச்சாப்லகூட இல்ல சார். உனுக்கு டாக்டர் கைதான்."

காந்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அந்த டாக்டர் கையால இந்த மீனைக் கொஞ்சம் கழுவிக் குடுங்க" என்றாள். வீட்டில் நம் அருமை தெரிவதில்லை.

முறை மிக எளிது. புது லாட் வந்தால் ஞாயிறன்று கன்னியம்மாவுக்கு ஓர் ஊசி. புதன் காலை 'வஞ்சிரம், சங்கரா' என்று அவள் குரல் கேட் பக்கம் கேட்டால் லாட் பாஸ். உடனே குழுவுக்குக் கட்டைவிரலை உயர்த்தி அனுப்புவேன். அவரவர் நிம்மதியாகப் போட்டுக்கொள்வார்கள். சோதித்தாயிற்றா என்று கேட்பார்கள், ஆயிற்று என்பேன். எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. படித்தவர்கள் அல்லவா?

அவளுக்கும் நன்மைதான். வலி கொஞ்சம் தேவலாம்போல இருக்கிறது என்பாள். வாங்கிய மீனுக்கு மேல் ஒரு கை நெத்திலி அள்ளிப் போடுவாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள்.

போன மாதம் வந்த லாட்டில் தூள் மஞ்சளாக இருந்தது. சந்தேகம் வந்தால் பொறுப்புள்ளவன் என்ன செய்வான்? சோதிப்பான். சோதித்தேன்.

புதன்கிழமை குரல் கேட்கவில்லை. மீன்காரம்மா வரவில்லையே என்று ஜெபகுமாரின் மனைவி வாசலில் அலுத்துக்கொண்டார். நான் காபியை அப்படியே வைத்துவிட்டுக் குழுவுக்கு எழுதினேன். இந்த லாட் தேறவில்லை, யாரும் தொடாதீர்கள் என்று. என் கண்டிப்பை எல்லோரும் மெச்சினார்கள். நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன என்று ஜெபகுமார் உருகினார். அன்றே மொத்த லாட்டையும் முறைப்படி அழித்தேன். பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, குப்பிகளை நொறுக்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல்.

மறுநாள் அவள் மகள் துர்கா வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நின்றாள்.

"ஊசி போட்ட எடம் கறுத்துப்போய் கீது சார். அம்மா கண்ணத் தொறக்க மாட்டேங்குது. இன்னா மருந்துனு டாக்டர் கேட்டுக்கினே கீறாரு. பேர மட்டும் சொல்லு சார். உன் கால்ல வேணா வுழறேன்."

காலில் விழ நான் விடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தேன். காந்தா தண்ணீர் கொடுத்தாள். துர்கா குடித்து முடித்த பிறகு, பி காம்ப்ளெக்ஸ்தான் என்றேன்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எது உண்மை, மேடம்? லில்லி ஒரு பெயர் சொன்னாள். குப்பிக்குள் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது. தெரியாததைச் சொல்லி ஒரு டாக்டரைக் குழப்பலாமா? தவிர, ஒன்றைச் சொன்னால் குழுவில் உள்ளவர்கள் பெயரெல்லாம் வெளியே வரும். ஜெபகுமார் அப்போதுதான் சர்ச் கமிட்டித் தேர்தலில் நின்றிருந்தார்.

அன்றே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், குப்பியாவது கிடைத்திருந்தால் போதும் என்று டாக்டர் உங்களிடம் சொன்னாராம். எல்லாம் முடிந்த பிறகு அப்படித்தான் சொல்வார்கள்.

ஆக, ஊசி போட்டவன் நான். தூள் மஞ்சளாக இருந்தது தெரிந்தே போட்டேன். அவள் உயிரோடு இருந்தபோது மகள் கேட்டும் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள். இத்தனை லாட் வந்தும் எங்கள் குழுவில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பாதுகாப்பு என்றால் அதுதான்.

நேற்று காந்தா என்னைப் பார்க்க ஸ்டேஷனுக்கு வந்தாள். கேட் ஓரம் முனியம்மா என்று வேறொரு பெண் மீன் கொண்டுவர ஆரம்பித்திருக்கிறாளாம். ஆள் நல்ல திடமா என்று கேட்டேன். காந்தா எழுந்து போய்விட்டாள். அடுத்த பார்சல் வந்துகொண்டிருக்கிறது, மேடம். அதனால்தான் கேட்டேன்.