நான்காவது தாமதம்

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். அதனாலேயே எங்கள் பிளாக் ஆஸ்பத்திரியில் பிரசவத்தில் யாராவது செத்துப்போனால், அதற்கான படிவத்தை என்னிடம்தான் நீட்டுவார்கள். ஆறு வருஷத்தில் ஒன்பது பேரை எழுதியிருக்கிறேன். ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

பனிதா பத்தாவது ஆள். என் தம்பி டுனாவின் மனைவி. "உன் வீட்டு விஷயம் ரேணு, எங்களைவிட உனக்குத்தானே எல்லாம் தெரியும், நீயே எழுதிடு" என்று டாக்டர் மஹாபாத்ரா சொல்லிவிட்டார். தங்கமான மனிதர்.

மாவட்டக் கமிட்டியில் உட்கார்ந்து இதைப் படிக்கப்போகும் உங்களுக்கு இந்தப் படிவம் புதிதல்ல. 'யார் மேலும் பழி போடுவதற்காக அல்ல' என்று தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். படிக்கும்போதெல்லாம் மனசுக்கு இதமாக இருக்கும். அதற்குக் கீழே மூன்று தாமதங்கள். வீட்டில் முடிவெடுக்கத் தாமதமா, வண்டி கிடைக்கத் தாமதமா, ஆஸ்பத்திரியில் கவனிக்கத் தாமதமா. பொருந்தும் கட்டத்தில் டிக் போட வேண்டும். மூன்றையும் நிதானமாக யோசித்தேன். வீட்டில் நர்ஸ் ஒருத்தி, அதாவது நானே, இருந்தேன். வண்டி தேவைப்படவில்லை, ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். வலி வந்த நிமிஷத்திலிருந்து கவனித்ததும் நான்தான். எந்தக் கட்டமும் பொருந்தவில்லை. ஆகவே 'நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்' என்ற இடத்தில் எழுதுகிறேன். இடம் போதாமல் தாள் சேர்த்திருக்கிறேன்.

பனிதா வெள்ளை. ஒடியாவில் 'தோஃபா' என்போம். பௌர்ணமி நிலவுக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் அதே சொல்தான். என்னைப் பார்க்க ஏழு வீட்டார் வந்தார்கள். பிட்டா பலகாரம் தின்றார்கள், டீ குடித்தார்கள், "பொண்ணு படிச்சிருக்கு, எல்லாம் சரி, ஆனா கொஞ்சம்..." என்று பாதியில் நிறுத்திவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சான்றிதழ் நல்ல வெள்ளைத் தாள்தான், ஆனால் முகத்தில் ஒட்டிக்கொள்ள முடியாதே. எனக்கு இருபத்தொன்பது முடிந்ததும் அம்மா அலுத்துப்போய்த் தம்பிக்குப் பார்த்தாள். பத்தாவது தேறாத பெண். பார்த்துவிட்டு வந்த அன்று அம்மா சொன்ன தகுதி ஒன்றே ஒன்று. "வெத்தலை போட்டா சாறு தொண்டையில இறங்கறது தெரியும், அப்படி ஒரு நிறம்."

கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்து மண்டபத்துக்கு அழைத்து வந்தது நான். உள்ளங்கையைப் பார்த்தேன். கண்ணில் மை கலைந்ததைத் துடைக்கிற சாக்கில் கீழிமையை இழுத்தும் பார்த்தேன். சுண்ணாம்பு. ஊரே நிலவு நிலவு என்று கொண்டாடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு உடம்பில் ரத்தம் இல்லை. மங்களகரமான நேரத்தில் இதைப் போய்ச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதமே அவள் பச்சரிசியை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள். குழாயடியிலிருந்து சமையலறைக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர இரண்டு இடத்தில் உட்காருவாள். "பூ மாதிரி உடம்பு, அதான் வாடுது" என்பாள் அம்மா, பெருமையாக.

எங்கள் வார்டில் செவ்வாய், வியாழன், சனி இரும்பு நாள். கர்ப்பிணிகள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். பாலில்லாத டீ நிறத்தில் மருந்து. சலைனில் கலந்து, நரம்பில், சொட்டுச் சொட்டாகக் கால் மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை. ஒரு மாதத்தில் உதட்டுக்கு நிறம் வந்துவிடும். மருந்தின் நிறத்தைப் பார்த்து மாமியார்கள் அலறுவார்கள், பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று. அவர்களுக்கு நான் சொல்கிற பதிலுக்காகவே பக்கத்துக் கட்டிலில் சிரிப்புக் காத்திருக்கும். "மௌசி, இவ செத்தா இன்னொரு வெள்ளைச்சியப் பார்த்துக் கட்டிவெப்பீங்க, அது எனக்குத் தெரியும். இவகிட்ட உசிரு ஒண்ணுதான் இருக்கு. நகருங்க." நகர்ந்துவிடுவார்கள்.

பனிதாவுக்கு ஏழாம் மாதம். பரிசோதனைக்கு முந்தின நாள் அம்மா சமையலறையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கஷாயத் தண்ணிய என் மருமக உடம்புல விட்டுடாதே, சொல்லிட்டேன்."

"மாத்திரையாவது தின்னச் சொல்லும்மா."

"உன்னை வயித்துல வெச்சிருந்தப்ப நான் தின்னேன்டி, தினம் ஒண்ணு. என்ன வந்துச்சுன்னு கண்ணாடியில போய்ப் பாரு."

டுனா சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தான்.

நான் அடங்காப்பிடாரி என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சரி, வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெற்றவள் சொல்லைக் கேட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது.

மறுநாள் பனிதாவின் விரலில் குத்தி, நானே பார்த்தேன். ரத்த அளவு ஏழு புள்ளி இரண்டு. அட்டையில் பதினொன்று புள்ளி இரண்டு என்று எழுதினேன். ஏழு என்று எழுத ஒரு கோடு போதும், பதினொன்றுக்கு இரண்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.

"எவ்வளவு அபா?" என்றாள். அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னை அவ்வளவு மரியாதையாக அந்த வீட்டில் கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

"பதினொண்ணு. ராணி மாதிரி இருக்கே."

"படி ஏறினா நெஞ்சு டம்டம்னு அடிச்சுக்குதே அபா. இவங்களோட நானும் ஒரு ஓரமாப் படுத்துக்கறேன். எனக்கும் ஒரு பாட்டில் போடுங்களேன். அத்தைகிட்ட சொல்ல மாட்டேன்."

"இதெல்லாம் எங்கள மாதிரிக் கறுப்பிங்களுக்குடி. உனக்கெதுக்கு? உன் நிறத்தைப் பாரு."

அவள் ஊசி வைக்கிற தட்டில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். நம்பிவிட்டாள். பட்டதாரி சொல்லி நம்பாமல் இருக்க முடியுமா?

மருந்து இல்லாமல் போடவில்லை என்று எழுதிவிடாதீர்கள். அலமாரியில் நாற்பது குப்பிகள் இருந்தன. காலாவதியாகும் முன் தீர்க்கச் சொல்லிச் சுற்றறிக்கைகூட வந்தது. சுற்றறிக்கையைக் கோப்பில் சேர்த்ததும் நான்தான்.

எட்டாம் மாதம் ஆறு புள்ளி எட்டு, ஒன்பதாம் மாதம் ஆறு புள்ளி ஒன்று. அட்டையில் பதினொன்று புள்ளி நான்கு, பதினொன்று புள்ளி ஆறு. எப்போதும் ஒரே எண்ணாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, கொஞ்சம் முன்னேற்றம் தெரிய வேண்டும்.

ஜனவரி ஒன்பது, மதியம் இரண்டு பத்துக்குக் குழந்தை பிறந்தது. பிறகு ரத்தம் போனது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சொம்பு அளவு. அவ்வளவு போனபிறகும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்கிற பெண்களை நான் தினம் பார்க்கிறேன். டாக்டர் அட்டையைப் புரட்டினார். "பதினொண்ணு ஆறு. தாங்குவா. ஊசி போட்டாச்சு, நின்னுடும். பெர்ஹாம்பூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ற அளவுக்கு ஒண்ணுமில்ல" என்றார். அவர்மேல் தப்பில்லை. என் கையெழுத்தை நம்பாதவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது. நான் வயிற்றை அமுக்கிப் பிடித்தேன், காலைத் தூக்கி வைத்தேன், சலைன் ஏற்றினேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட விடவில்லை. மூன்று மணிக்கு அவள் உடம்பில் சிவப்பாக மிச்சமிருந்தது காலில் இருந்த ஆல்தாச் சாயம் மட்டும்தான். "அபா, குளிருது" என்றாள். மூன்று ஐந்துக்கு நாடி நின்றது.

டாக்டர் துணியை விலக்கிப் பார்த்துத் திகைத்துப்போனார். "இப்படி வெளிறிக் கிடக்காளே, எப்பலேர்ந்து இப்படி?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாள். "என் மருமக எப்பவுமே வெள்ளைதான், டாக்டர் பாபு."

குழந்தை பெண். நல்ல எடை, நல்ல குரல். ஒரு சொட்டு இரும்பு போகாமலே அச்சு அசல் என் நிறத்தில் வந்திருக்கிறாள். அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டுத் துணியை இழுத்து மூடினாள். நான்தான் பால் கரைத்துக் கொடுக்கிறேன்.

உங்கள் மூன்று கட்டங்களுக்குக் கீழே ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒன்று வரைந்து, அதில் டிக் போட்டிருக்கிறேன். தாமதத்தின் அளவு பதினோரு வாரம். காரணம், ரேணுபாலா ஸ்வாயின், பி.எஸ்ஸி. நர்சிங். பனிதாவுக்கு ரத்தம் இல்லை என்று தெரியும், மருந்து இருந்தது, போடவில்லை. மூன்று தடவை பொய் எண் எழுதினேன். பழி போடுவதற்காக அல்ல என்று நீங்களே சொல்லியிருப்பதால் தயங்காமல் எழுதுகிறேன்.

அவள்மேல் கோபமா என்று யாராவது கேட்கக்கூடும். கிடையவே கிடையாது. ரஜ பண்டிகை முதல் நாள், ஜூன் பதினான்கு, சாயங்காலம் நாலே கால் இருக்கும், பெண்களெல்லாம் காலுக்கு ஆல்தா போட்டுக்கொண்டிருந்தோம். நானும் காலை நீட்டினேன். "உனக்கெதுக்குடி? கறுப்பு மேல சிவப்பு தெரியவா போகுது?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பனிதா பச்சைப் புடவை கட்டியிருந்தாள், வலமிருந்து மூன்றாவதாக உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் இரண்டு தடவை குலுங்கச் சிரித்தாள். சத்தம்கூட வரவில்லை. பிறகு அவளே என் காலை எடுத்து மடியில் வைத்து, விரல் விரலாக ஆல்தா போட்டுவிட்டாள்.

இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?