அது வேற அட்டை

"ஹலோ... ரோனியா? சொல்லு மாப்ள... இல்ல, இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். உங்க அக்கா டீ போடறா... என்னது, தீ நீலமா இல்லாம மஞ்சளா எரியுதா? யார் வீட்டு பாய்லர்?"

இங்கிலாந்தின் அக்ரிங்டன் ஊரில் கேஸ் வேலை பார்க்கும் கிளைவ் என்ட்விசில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பேசினார். அழைத்தது அவர் மனைவி மொரீனின் தம்பி. அவனும் அதே தொழில்தான்.

"முதியோர் இல்லமா? மேட்டு மேல இருக்கே, அதுவா?... ரோனி, அது கட்டடம் முழுசுக்கும் சூடு குடுக்கிற பெரிய பாய்லர். அதுல கை வைக்க உன்னை யார் விட்டது?... மேனேஜரம்மா கெஞ்சினாங்களா... ஆமா, ஆமா, பாய்லர்னா எல்லாம் பாய்லர்தான்னு நீ சொல்லுவ. உன் கேஸ் லைசென்ஸ் அட்டையத் திருப்பிப் பாரு. வீட்டு வேலை மட்டும்னு இருக்கும். இதுக்கு வேற பரீட்சை, வேற அட்டை... சரி, சரி. என்ன செஞ்ச, அதச் சொல்லு... ம்... பர்னரச் சுத்தம் பண்ணின... ம்... எத அடைச்ச?"

கழற்றிய பூட்ஸ் கையிலேயே இருந்தது.

"சுவத்துல காத்துக்கு விட்டிருக்கிற வழியையா?... குளிர் ஏறி பைப்பு உறையுதுன்னு பலகை அடிச்சியா... நீ பாக்கிற வீட்டு பாய்லர் வெளிக்காத்தக் குழாய்ல இழுத்துக்கும்டா. இது அந்த ரூம் காத்தத்தான் இழுக்கும். அத அடைச்சா விஷவாயுதான். வாசனைகூட வராது... இரு. அங்க யாருக்காவது தலைவலி, வாந்தி?... ஃப்ளூன்னு யார் சொன்னது?"

சமையலறையிலிருந்து மொரீன் எட்டிப் பார்த்தாள்.

"கேஸ மூடு. மொதல்ல மூடு... மூடிட்டியா? வெளிய வா. எல்லாரையும் வெளிய கொண்டுவரச் சொல்லு... பனி கொட்டினா கொட்டட்டும், போர்வையோட கொண்டுவரட்டும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லு... ஆமா. நான் லைன்லயே இருக்கேன்."

ஃபோனில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல் பெயர் பெயராக அழைத்துக்கொண்டு போயிற்று. ஒரு பெயரை மட்டும் விடாமல் திரும்பத் திரும்ப அழைத்தது.

"யாரு எந்திரிக்கல?... பாய்லருக்கு நேர் மேல ரூம்ல இருக்கிற வயசான அம்மாவா..."

ரோனி தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டான்.

"என்ன?... என்கிட்ட அந்த அட்டை இருக்கு. அதுக்கு?... கூட நின்னு பாத்தேன்னு சொல்லணுமா... இல்ல. இல்ல ரோனி... அக்காவுக்காகவா? அவ என் முன்னாலதான் நிக்கிறா... நான் நின்னிருந்தா அந்தப் பலகைய அடிக்க விட்டிருக்க மாட்டேன்டா. வரேன். இப்பவே கிளம்பி வரேன். உன் பக்கத்துல நிக்கிறேன். பொய் மட்டும் என்னால சொல்ல முடியாது... ரோனி, அந்த அம்மாவுக்கு மூச்சு இருக்கா?... நல்லாப் பாக்கச் சொல்லு..."

கிளைவ் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூச்சு இல்லியா... சரிடா... ஆம்புலன்ஸ் வந்தாச்சா? யார் செஞ்சதுன்னு கேப்பாங்க. நீயே சொல்லிடு... அக்காகிட்டயா? இரு, தரேன்."

மொரீன் இரண்டு கைகளாலும் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"ரோனி... ரோனி கண்ணா..."

அதற்குள் லைன் துண்டிக்கப்பட்டிருந்தது.