மூன்று பள்ளத்துக்கு ஒரு செட் தகடு

ஹெல்மெட் போடாமல் நான் பைக்கை எடுத்ததே இல்லை, ஐயா. தெருமுனைக் கடைக்குப் போனாலும் போட்டுக்கொள்வேன். என் மனைவி அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குப் பயந்த சுபாவம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கழிவுநீர்க் குழாய் பதிக்கும் கான்ட்ராக்டரிடம் பன்னிரண்டு வருடமாக சூப்பர்வைசர் நான். ஆழமாகப் பள்ளம் தோண்டினால் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு இறக்கி, குறுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மண் சரியும். எங்களுக்கு மூன்று இடத்தில் வேலை, தகடு ஒரு செட்தான். பாதுகாப்பு ஆய்வாளர் இரண்டு தடவை பிடித்து அபராதம் போட்டுவிட்டார். மூன்றாவது தடவை எழுதினால் லைசென்ஸ் ரத்து. கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டு, இனி மாட்டினால் நீ வீட்டுக்குப் போய்விடு என்றார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யோசனை என்னுடையதுதான். தகடுகளை லாரியிலேயே வைத்துக்கொண்டோம். ஆய்வாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், அவருடைய கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று போனில் சொல்வார். லாரி அங்கே ஓடும். பொக்லைனை வைத்துப் பதினோரு நிமிடத்தில் இறக்கிவிடுவோம். ஐந்து மாதம் சிக்கலே இல்லை. ஒரு நாள் ஆய்வாளரே என் தோளைத் தட்டிப் பாராட்டினார்.

அந்த வியாழக்கிழமை, போன் வந்த கையோடு பள்ளத்தின் கோடியில் மண் சரிந்தது. உள்ளே குழாய் இணைத்துக்கொண்டிருந்தவன் என் மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். எட்டிப் பார்த்தேன். நெஞ்சு வரைக்கும் மண். முகம் தெளிவாகத்தான் இருந்தது.

"மாமா, ஒண்ணும் ஆகல. மூச்சுதான் கொஞ்சம் இறுக்குது. சீக்கிரம் எடுத்துவிடுங்க," என்றான்.

பொக்லைன் ஓட்டுநர் தீயணைப்புக்குப் பேசப் போனை எடுத்தார். நான் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. பாவம், அவரை ஒன்றும் செய்துவிடாதீர்கள். தகடில்லாத பள்ளத்தில் ஆள் புதைந்து கிடப்பதை ஆய்வாளர் பார்த்தால் எல்லாம் போச்சு. லாரி வந்ததும், அவன் இருந்த கோடியை விட்டுவிட்டு, ரோட்டோர முனையில் மட்டும் தகடுகளை இறக்கச் சொன்னேன்.

"கால் மணி நேரம் பொறுத்துக்கடா," என்று அவனிடம் சொன்னேன்.

சரி மாமா என்றான். என் பேச்சை அவன் என்றைக்கும் தட்டியதில்லை.

ஆய்வாளர் வந்தார். ஒரே சேறு. ஷூவில் படாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தவர், தகடு தெரிகிற இடத்தோடு நின்றுவிட்டார். அப்போதுதான் அவன் கூப்பிட ஆரம்பித்தான். பொக்லைன் ஓட்டுநரைப் பார்த்து, இன்ஜின் வேகத்தை ஏற்றும்படி கை காட்டினேன். அந்தச் சத்தத்தில் ஆய்வாளர் பேசியதே பாதிதான் கேட்டது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். எல்லாம் முறைப்படி இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார். அவர் கிளம்பப் பத்தொன்பது நிமிடம் ஆனது.

இன்ஜினை அணைத்தபோது மண் அவன் தலைக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்தது. தீயணைப்புக்கு நானே போன் செய்தேன்.

ஒரே நொடியில் முடிந்துவிட்டது, அவனுக்குத் தெரிந்தேயிருக்காது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஜெயிலுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை, அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயப்படுகிறேன்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். அவன் குரல் வெளியே கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், வேறு கெட்ட எண்ணம் சத்தியமாக இல்லை. ஆனால் பள்ளத்தின் ஓரத்தில் இன்ஜின் அதிர்ந்தால் மண் இறங்கும் என்று, திங்கட்கிழமைதோறும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பாடம் எடுப்பவன் நான்தான்.